முருகேசனின் இரண்டு விரல்கள்

இன்று காலை கட்டட வரைபட மென்பொருளைப் புதுப்பித்தேன். "உங்கள் ஷார்ட்கட்டுகளை நீக்கிவிட்டு முதலில் இருந்தபடியே அமைக்கலாமா?" என்று கேட்டது.

முருகேசன் ஞாபகம் வந்துவிட்டார்.

எண்பதுகளின் கடைசி. சேலத்தில் நான் வேலை பார்த்த என்ஜினியர் ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் வரைந்தவர் முருகேசன். போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் சிக்கிய இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். அந்த இரண்டுக்கும் எட்டுகிற மாதிரி ஷார்ட்கட் கீ எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தார். E தட்டினால் கதவு.

ஒரு நாள் ஓமலூர் கல்யாண மண்டபத்துக்குக் கதவு வைக்க E தட்டினார். மவுஸால் சுவரைக் காட்டினார். கட்டைவிரலால் ஸ்பேஸ் பாரை அழுத்தினார்.

சுவரே அழிந்துபோனது. மென்பொருளோடு வந்த அமைப்பில் E என்றால் அழிப்பது.

"கீயை ஆருங்க மாத்துனது?"

"நாந்தானுங்க மாத்தச் சொன்னேன்," என்றார் முதலாளி. "நாளைக்கு இன்னும் ரெண்டு பேர் வேலைக்கு வாராங்க. உங்க ஒருத்தர் கைக்குத் தோதா மிஷினை வெச்சிருக்க முடியுமுங்களா?"

"முடியாதுங்க," என்றார் முருகேசன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பிறகு ரிக் லாரி ஆட்களுக்குச் சமைத்துப்போட ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். விரல்களைத் தின்ற அதே லாரி.

என் மென்பொருள் மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டது. உங்கள் முதலாளி கேட்டதுண்டா?