தைலக்காட்டின் அடியில் எரியும் தீயும் செல்வி அக்காவும்

வனக்காவலர் செல்வி அக்கா போய்விட்டார் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, மங்கலம்பேட்டை சாலையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கால்கள் வெந்துபோன நிலையில் அவரைக் கொண்டுபோன அன்றே பயந்த செய்திதான். இருந்தும் டம்ளரைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். தீ என்றால் நாமெல்லாம் அண்ணாந்து பார்ப்போம். அக்கா குனிந்து தரையைப் பார்ப்பார். தைலமரம் வெட்டிய அடிக்கட்டைகளைச் சுற்றி, புறங்கையை மண்ணுக்கருகே பிடித்தபடி நடப்பார். காட்டுக்குக் காய்ச்சல் பார்க்கிற டாக்டரம்மா என்று கிண்டல் செய்வோம். “சிரிங்க, சிரிங்க. வேருக்குள்ள போன நெருப்பு சத்தம் போடாதுங்க” என்பார்.

இந்தத் தீ சூளைச் சாம்பலிலிருந்து வந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் சூளையை ஆறுவதற்கு முன் யாரும் திறக்க மாட்டார்கள். சரக்கு விரிசல் விட்டுவிடும். அவ்வளவு பொறுமையுள்ள ஆட்கள், மேலே வெளுத்திருந்த விறகுச் சாம்பலை மட்டும் ஆறிவிட்டதென்று நம்பிக் காட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். அடியில் கிடந்த கங்கு காய்ந்த கட்டையில் பற்றி, வேர் வழியாக மண்ணுக்குள் நகர்ந்தது.

தண்ணீர் லாரி வந்து ஊற்றியது; புகை அடங்கியது. செயற்கைக்கோள் பார்த்துக் கைபேசிக்கு அனுப்பும் தீ எச்சரிக்கையும் நின்றது. வானத்திலிருந்து பார்க்கும் அதற்கு மண்ணுக்கடியில் என்ன தெரியும்? மேலதிகாரிகள் காவலை எடுத்துவிடச் சொன்னார்கள். வேர் அறுபடும் ஆழத்துக்குச் சுற்றிலும் பள்ளம் வெட்ட அக்கா ஆள் கேட்டார். தரவில்லை.

மறுநாள் காலைப் பனியில் தரையோடு புகை தெரிகிறதென்று தனியாகப் போனார். வேர் எரிந்து உள்ளே கூடாகிப்போன இடத்தில் காலை வைத்தார். மேல்மண் உள்வாங்கி, தொடைவரை தணலில் இறங்கிவிட்டார்.

அடக்கத்தின்போது அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அந்த நெருப்பையாவது அணைச்சிட்டாங்களா தம்பி?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்ல மாமா. வேற எடத்துல பொகையுது” என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பச்சையாக நிற்கும் மரத்தைக்கூட நம்ப முடியாத இந்த மனம்தான். தினமும் போய்ப் பார்க்கிறேன். காற்றே இல்லாமல் மரங்கள் சாய்கின்றன. பள்ளம் வெட்ட இன்னும் ஆள் வரவில்லை.