பனிக்கும் காட்டுப் பாதைக்கும் ஒரு வண்டி

நவம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. காலை ஏழரைக்கு ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் இருந்து புறப்பட்டேன். மழையும் இல்லை, பனியும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று கண்ணாடியில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. பத்து வயது மகள் அபியை மில்லிக்கனில் தங்கை வீட்டில் இறக்கிவிட்டு, அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பக்கவாசலில் காரை நிறுத்தினேன். அந்த வீட்டின் பேஸ்மென்ற்றில்தான் என் கணவர் குமரன் அந்த வருட வசந்தத்தில் இருந்து தனியாக இருந்தார். கணவர் என்று எழுதுவது பழக்கத்தினால். நாங்கள் பிரிந்துவிட்டோம்.

குமரனுக்கு மின்சார வேலை. ரொறன்ரோவில் கட்டட வேலைகள் குறைந்ததும், நோர்த் பேயில் கிடைத்த ஒரு வேலையை ஏற்றுக்கொண்டார். திங்கட்கிழமை தொடக்கம். இங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 350 கிலோமீற்றர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து அபியைப் பார்ப்பதாகவும், விடுமுறைக்குத் தன்னிடம் கூட்டிக்கொண்டு போவதாகவும் பேச்சு. அதற்கு, பனியில் ஓடக்கூடிய, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். கோடையில் அதே வண்டியைக் காட்டுப் பாதைகளில் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கையில் இருந்த காசுக்குப் பழைய வண்டிதான் வாங்கலாம். இணையத்தில் தேடி மூன்றைத் தெரிவுசெய்து வைத்திருந்தார். ஒன்று ஸ்ரீல்ஸ் வீதியில், ஒன்று ஒரிலியாவில், ஒன்று ஹன்ட்ஸ்வில்லுக்கு அப்பால். பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய இடங்கள் அல்ல. எங்களுடைய ஒரே கார் என்னிடம் இருந்தது. அவருடைய பழைய வான் புரட்டாதியிலேயே பழைய இரும்புக்குப் போய்விட்டது.

"நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று நான்தான் சொன்னேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அவர் வருவதும் வராததும் அந்த வண்டியைப் பொறுத்தது என்று நினைத்தேன். அதை என் கண்ணால் பார்க்க வேண்டும்போல இருந்தது.

அவர் ஒரு பெரிய பையைப் பின்னால் வைத்துவிட்டு முன் இருக்கையில் ஏறினார்.

"சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

பதினைந்து வருடம் என்னை 'நீர்' என்று சொன்ன மனிதர். பிரிந்த பிறகு 'நீங்கள்' என்று மாற்றிக்கொண்டார். மரியாதை கூடியதாக மற்றவர்களுக்குத் தோன்றலாம். எனக்கு ஒவ்வொரு முறையும் யாரோ கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதுபோல இருக்கும்.

எட்டேகால் மணி, ஸ்ரீல்ஸ் வீதி. கடைத்தொகுதி ஒன்றின் பின்னால் கம்பிவேலி போட்ட வளவு. பழைய கார்கள் நெருக்கமாக நின்றன. விற்பவர் எங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணை ஒருவர். தடித்த ஜாக்கெட்டுக்குள் கையைவிட்டுக்கொண்டு வந்தார். வண்டி வெள்ளை நிறம், நாலு கதவு. அதன் உடம்பைச் சக்கரங்களில் இருந்து இன்னும் ஆறு அங்குலம் உயர்த்தி, பெரிய ரயர் பூட்டியிருந்தார்கள். மினுங்கியது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு டொலர்.

"காட்டுக்குள்ளயும் விடலாம், கலியாண வீட்டுக்கும் கொண்டு போகலாம்" என்றார் அண்ணை. என்னைப் பார்த்து, "தங்கச்சிக்கும் பிடிச்சிருக்கு, முகத்தில தெரியுது" என்றார்.

குமரன் கடதாசி மட்டை ஒன்றை நிலத்தில் போட்டு, டோர்ச்சோடு வண்டிக்கு அடியில் போனார். அவருடைய சப்பாத்து மட்டும் வெளியே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. டங், டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மட்டும் பொத் என்று விழுந்தது. வெளியே வந்தவருடைய கை முழுக்கக் கறுப்புப் பூச்சு.

"அண்ணை, அடிச்சட்டம் துருப்பிடிச்சு உக்கிப்போச்சு. மேல புதுசா பெயின்ற் அடிச்சிருக்கு. ஸ்குரூட்ரைவர் உள்ள போகுது."

"ரொறன்ரோவில ஓடின வண்டி எண்டால் உப்பு பிடிக்கும்தானே தம்பி. ரோட்டில கொட்டுற உப்பு எங்க போறது?"

"ஓம் அண்ணை" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். சண்டை பிடிக்கவில்லை. குமரன் யாருடனும் சண்டை பிடிக்கமாட்டார். எங்கள் வீட்டில் பல விடயங்கள் முடியாமல் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

404ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, பிறகு 400க்கு மாறி வடக்கே போனோம். வயல்கள் எல்லாம் அறுத்து முடிந்து மண்ணிறமாகக் கிடந்தன. வானம் மிகத் தாழ்வாக இருந்தது. பாரி நகரத்தைத் தாண்டியதும், யாரோ கோடு கீறிவைத்ததுபோல, அந்தப் பக்கம் முழுக்க வெள்ளை. ஏரியில் இருந்து வருகிற காற்று அங்கேதான் பனியைக் கொட்டும் என்று குமரன் சொன்னார். அதற்குப் பிறகு ஹீற்றர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்தரை மணி, ஒரிலியா. இரண்டாவது வண்டியின் சொந்தக்காரன் இருபத்தைந்து வயது வெள்ளைக்காரப் பெடியன். குழந்தை பிறக்கப் போகிறது, அதனால் விற்கிறேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னான். பச்சை நிறம், இரண்டு கதவு, கழற்றிவைக்கக்கூடிய துணிக்கூரை. அடிச்சட்டத்துக்கு வருடம் தவறாமல் எண்ணெய் அடித்திருந்தான்; துரு இல்லை. வயிற்றுப் பக்கம் கல் படாமல் இரும்புத் தகடு. சேற்றில் புதைந்தால் இழுத்தெடுக்க முன்னாலும் பின்னாலும் கொழுக்கி. பதினோராயிரம் டொலர்.

குமரனுடைய முகம் மாறியது. அந்த முகத்தை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். சில்லைத் தொட்டார், கதவைத் திறந்து மூடினார், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். கோடையில் ஹலிபேர்ட்டன் பக்கத்துக் காடுகளுக்குள் எந்தெந்தப் பாதைகளில் போகலாம் என்று பெடியன் தொலைபேசியில் வரைபடம் காட்டினான்.

வண்டியை ஓடிப் பார்க்கும்போது நான் பின்னால் ஏறினேன். முன் இருக்கையை மடக்கி, குனிந்து, தவழ்ந்துதான் ஏற முடிந்தது. முழங்கால் நாடியில் முட்டியது. பக்கத்து ஜன்னல் பிளாஸ்ரிக்; நெடுஞ்சாலையில் அது படபடவென்று அடித்தது. முன்னால் அவர்களுக்குச் சூடு போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கால் விறைத்தது.

இறங்கியதும் பெடியன் கேளாத தூரத்துக்கு நடந்தோம்.

"உதுக்குள்ள பிள்ளை நாலு மணித்தியாலம் இருப்பாளோ?" என்று கேட்டேன்.

"சமருக்குக் கூரையைக் கழட்டிவிட்டா அவளுக்கு நல்ல விருப்பமா இருக்கும்."

"நான் விண்டரைக் கேக்கிறன்."

அவர் சப்பாத்தால் பனியைத் தட்டிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "விண்டரில எல்லா முறையும் வர ஏலாது. ஹைவேயை அடிக்கடி பூட்டுவாங்கள்."

"வாறன் எண்டுதானே அவளுக்குச் சொன்னீங்கள்."

"சொன்னனான்" என்றார். "ஏலுமானதைச் செய்வன்."

அவர் திரும்பிப் போய்ப் பெடியனிடம் வேண்டாம் என்று நன்றி சொல்லிக் கைகுலுக்கினார். நான் காரை எடுத்தேன். வென்றேன் என்று நினைக்கவில்லை. கண்ணாடியில் அந்தப் பச்சை வண்டி சிறிதாகிக்கொண்டு போனது; அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கிரேவன்ஹேர்ஸ்ட், பிரேஸ்பிரிட்ஜ் எல்லாம் பனிக்குள்ளே பெயர்ப்பலகைகளாக மட்டும் வந்து போயின. வழியில் ஒரு கோப்பிக் கடையில் நின்று, ஆளுக்கொரு கோப்பியும் ஒரு முட்டைச் சாண்ட்விச்சும் வாங்கினோம். அவர் வழக்கம்போலப் பாதியைப் பிய்த்து எனக்கு நீட்டி, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கடதாசியின் மேல் வைத்தார். நான் எடுத்துச் சாப்பிட்டேன்.

ஒன்றரை மணிக்கு ஹன்ட்ஸ்வில். ரொறன்ரோவில் இருந்து 220 கிலோமீற்றர். அதற்கு அப்பால் கிழக்கே திரும்பி, இருபது நிமிடம் மரங்களுக்கு நடுவே ஓடினால் அந்த வீடு. சொந்தக்காரி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், பெயர் மார்கரெட். காட்டுப்புற வீடுகளுக்குத் தபால் கொண்டு போகிற வேலை. புதிய வண்டி வாங்கிவிட்டாள், இரண்டை நிறுத்த இடமில்லை. அவ்வளவுதான் கதை. சாம்பல் நிறம், நாலு கதவு, பதினைந்து வருடப் பழசு, இரண்டு லட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருந்தது. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பின்பக்கத்தில் ஒரு நெளிவு. ஆனால் விண்டர் ரயர் நாலும் போன வருடத்தவை. கடுங்குளிரில் எஞ்சினை மின்சாரத்தில் சூடாக்கி வைக்கிற வயர் முன்னால் தொங்கியது. குமரன் அடியில் போய் நெடுநேரம் தட்டினார். எல்லா இடமும் ஒரே சத்தம். நான் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். கால் நீட்டலாம். சூடு பின்னாலும் வந்தது. நாய் மயிர் ஒட்டியிருந்தது, அது பரவாயில்லை.

வீட்டுக்குப் பின்னால் காட்டுக்குள் போகிற மரவெட்டிப் பாதை ஒன்று இருந்தது. அங்கே ஓடிப் பாருங்கள் என்றாள் மார்கரெட். குமரனிடம், "உன் மனைவியும் ஓட்டிப் பார்க்கட்டும், பிறகு குறை சொல்லக்கூடாது" என்றாள். நாங்கள் திருத்தவில்லை.

போகும்போது அவர் ஓட்டினார். கணுக்கால் அளவு பனி, அடியில் கல். வண்டி ஆடி ஆடி ஏறியது. மேட்டில் நிறுத்தி இடம் மாறிக்கொண்டோம். திரும்பி இறங்கும்போது ஸ்டியரிங் என் கையில். சரிவு நான் நினைத்ததைவிடச் செங்குத்து. ஒரு பக்கம் சிற்றோடை. வண்டியின் பின்பக்கம் மெல்ல வழுக்கத் தொடங்கியது. என் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது.

"மிதியாதையும்" என்றார் குமரன், தாழ்ந்த குரலில். "காலை எடும். லோ கியரில நிக்குது, அதுவா இறங்கும். நேர பிடியும், அவ்வளவும் காணும்."

காலை எடுத்தேன். எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்துவைத்தது. ஒரு பெரிய எருமை தண்ணீருக்கு இறங்குவதுபோல அது தன்பாட்டில் அடி அடியாக இறங்கியது. கீழே வந்ததும் நிறுத்தினேன். காட்டில் ஒரு சத்தமும் இல்லை. கிளைகளில் இருந்து இடைக்கிடை பனி உதிர்ந்தது. 'எடும்', 'பிடியும்' என்று பழைய 'நீர்' திரும்பி வந்ததை அவரும் கவனித்திருக்க வேண்டும். இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தோம். அந்த இடத்தில் யாராவது ஒருவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"நல்ல வண்டி" என்றேன்.

"ஓம்" என்றார். "இதை எடுப்பம்."

ஒன்பதாயிரத்து எண்ணூறுக்கு முடிந்தது. மார்கரெட் சமையலறை மேசையில் பத்திரத்தில் கையெழுத்து வைத்து வண்டித் திறப்பைக் கொடுத்தாள். வெளியே வந்ததும் குமரன் என் காரின் பின்னால் இருந்து பையை இறக்கித் திறந்தார். கருவிகள் என்று நினைத்திருந்தேன். மேலே பழைய வானின் நம்பர்த் தகடுகள் இரண்டும் இருந்தன; இங்கே தகடு வண்டிக்கு அல்ல, ஆளுக்குத்தான் சொந்தம். அவற்றுக்குக் கீழே மடித்த உடுப்புகள், சவரச் சாமான், வேலைச் சப்பாத்து.

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"இஞ்சயிருந்து அப்பிடியே போறீங்களோ?"

"நோர்த் பே இஞ்சயிருந்து ஒண்டரை மணித்தியாலம். திரும்ப ரொறன்ரோ வந்து போறது வீண்தானே."

"அபி இரவுச் சாப்பாட்டுக்குப் பாத்துக்கொண்டிருப்பாள்."

அவர் தகடைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "அவளைப் பாத்திட்டு வெளிக்கிட என்னால ஏலாது. காலமை நீங்கள் இறக்கிவிட்டு வந்தது நல்லதாப் போச்சு எண்டு நினைச்சன்."

"அதை நீங்களே அவளுக்குச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்."

பனிக்குள் நின்றபடியே அழைத்தார். ஸ்பீக்கரில் அபியின் குரல் கேட்டது.

"அப்பா, படத்தில காட்டின பச்சை கார் வாங்கினீங்களா?"

"இல்லை குஞ்சு, சாம்பல். நாலு கதவு."

"ஓகே. வென் ஆர் யூ கமிங்?"

"அப்பா இஞ்சயிருந்து நேர வேலை இடத்துக்குப் போறன். அடுத்த அடுத்த கிழமை வாறன்."

"அப்ப அம்மா தனியவா வாறா? இற்ஸ் ஸ்நோயிங் தெயர், ரைட்?" என்று கேட்டாள்.

குமரன் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு வண்டியின் மறுபக்கம் போனார். முன்கண்ணாடியில் பனி இல்லாத இடத்தையும் நெடுநேரம் சுரண்டிக்கொண்டு நின்றார்.

நான்கு மணிக்கே இருள் தொடங்கியது. 11ஆம் நெடுஞ்சாலைவரை அவர் முன்னால் போனார், நான் பின்னால். சந்தியில் சமிக்ஞை விளக்கு வலப்பக்கம் மூன்று நான்கு தரம் மினுங்கியது. கையைக் காட்டியிருப்பார், கண்ணாடியில் ஆவிப் புகார் பிடித்திருந்ததால் தெரியவில்லை. அவர் வடக்கே திரும்பினார். ரயர்கள் பனியை வழுக்காமல் கடித்துக்கொண்டு போயின. அபியிடம் அவரைக் கொண்டுவந்து சேர்க்கிற வண்டியைத் தேடித்தான் விடிய எழும்பி வந்தேன். அவ்வளவு நல்ல வண்டி கிடைத்தால் எவ்வளவு தூரமும் போகலாம் என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

தெற்கே என் பயணம் மெதுவாகப் போனது. பாரிக்கு முன்னால் காற்றோடு பனி அடித்து, முன்னே போன லொறியின் சிவப்பு விளக்குகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதையே பிடித்துக்கொண்டு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்தேன். பாரி தாண்டியதும் பனி நின்றுவிட்டது. ரொறன்ரோவில் வீதி வெறும் ஈரம். மில்லிக்கனில் கடைத்தொகுதி விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. சனங்கள் குடை இல்லாமல் நடந்தார்கள். வடக்கே அப்படி ஒரு பனி என்று சொன்னபோது தங்கை நம்பவில்லை. என் காரின் கூரையில் ஒட்டியிருந்ததைக் காட்டினேன். அபி வந்து அதில் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துவிட்டு, கையை உதறினாள்.

அந்த மாரிகாலத்தில் குமரன் வந்தார். முதலில் ஒழுங்காக, பிறகு இடைவெளி விட்டு. நத்தார் விடுமுறைக்கு வந்தார், தை மாதம் முழுக்க வரவில்லை. நெடுஞ்சாலை பூட்டிய நாட்களும் இருந்தன, பூட்டாத நாட்களும் இருந்தன. வீதி நிலவரத்தை நான் தொலைபேசியில் பார்த்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை இரவு அபி ஜன்னலண்டை நின்றுவிட்டு வந்து, "அப்பான்ர கார் பழுதோ?" என்று கேட்பாள்.

"ஓம், பழுதாம்" என்பேன்.

அந்த வண்டியை நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு குறையும் இல்லை.