நொண்டாத சிற்பி

பாரோஸ் தீவின் துறைமுக ஊரில் சிற்பி மெலாந்தோஸுக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. தனக்கு ஒரு கவலையும் இல்லையே என்பதுதான் அது.

ஐம்பதை எட்டியும் பல் ஒன்றுகூட ஆடவில்லை. கேட்ட பளிங்கு கேட்டபடி மலையிலிருந்து இறங்கி வந்தது. மனைவி பிலின்னா கொண்டைக்கடலைக் கஞ்சி வைத்தால் தெருவே மூக்கை நீட்டும். பெண்கள் இருவரையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வாய்த்த மருமகன்களோ மாமனாரைக் கண்டால் எழுந்து நிற்கிற ரகம். படுத்தால் தூக்கம், எழுந்தால் பசி. உளியைக் கையில் எடுத்ததும் வாய் தன்னால் சீட்டியடிக்கும்.

இப்படிப்பட்ட மனிதன், தெருமுனைக் கொல்லன் ஹெர்மோனைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவான். ஹெர்மோனுக்குப் பிறவியிலேயே ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. அந்தக் காலைத்தான் மெலாந்தோஸ் அவ்வளவு ஆசையாகப் பார்ப்பான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பால்குடி நாளிலிருந்து கேட்ட கதைகள் அப்படி. தேவலோகத்துக் கொல்லன் ஹெஃபைஸ்டோஸைப் பெற்ற தாயே வானத்திலிருந்து தூக்கி எறிந்தாள். நொண்டிப்போன அந்தக் காலோடுதான் அவன் தானே நடக்கிற முக்காலிகளைச் செய்தான். சிற்பி டெடாலோஸ் செய்த சிலைகளைக் கட்டிப்போடாவிட்டால் ஓடிப்போய்விடும். அவன் மகனோ அப்பன் செய்து மாட்டிய சிறகு கழன்று கடலில் விழுந்து செத்தான். ஓர்ஃபியூஸ் பாட்டுக்கு மரங்கள் வேரோடு நடந்து வந்தன. அவனுக்குப் பெண்டாட்டி தங்கவில்லை. தேவர்கள் எதையாவது பிடுங்கிக்கொண்டுதான் கையில் வித்தையைக் கொடுக்கிறார்கள் என்று மெலாந்தோஸ் முடிவு கட்டியிருந்தான். தன்னிடமிருந்து இன்றுவரை ஒன்றையும் பிடுங்கவில்லை. அப்படியானால் ஒன்றையும் கொடுக்கவும் இல்லை என்றுதானே அர்த்தம்?

ஊர் வழக்கம் ஒன்று இந்த எண்ணத்துக்கு எண்ணெய் ஊற்றியது. புதிய சிலையை நிறுத்தியதும் மருத்துவச்சி ரோதே வந்து பார்ப்பாள். பச்சைக் குழந்தைக்குச் செய்வதுபோலவே சிலையின் மூக்கடியில் விரல் வைப்பாள், முதுகைத் தட்டுவாள், சுற்றி வருவாள். உயிர் இருக்கிறது, விட்டால் நடந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றினால், இடுப்பிலிருந்து வெள்ளைக் கம்பளிக் கயிற்றை உருவிச் சிலையின் காலில் கட்டிவிடுவாள். தோன்றாவிட்டால் ‘நல்லாயிருக்கு’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். வண்ணம் பூசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். வண்ணத்தைக் காட்டி ஏமாற்றிவிடுவார்கள் என்று ஊருக்குச் சந்தேகம்.

அந்த ஊர்ச் சிற்பிகள் கேட்கக் கூடாத சொல் ‘நல்லாயிருக்கு’. மெலாந்தோஸ் வாழ்நாளெல்லாம் அதைத்தான் கேட்டான். அவன் செதுக்கிய கல்லறைக் கற்களைப் பார்த்து விதவைகள் அழுதார்கள். அவன் சிங்கங்களின்மேல் பிள்ளைகள் ஏறி விளையாடினார்கள். ஆனால் ஒரு காலிலாவது கயிறு ஏறவில்லை.

அந்த நிலையில்தான் கல் வெட்டுகிறவர்களும் கொல்லர்களும் சேர்ந்து, பளிங்குச் சுரங்கத்துக்கு ஏறும் மலைப்பாதையின் அடியில் ஹெஃபைஸ்டோஸுக்குச் சிலை வைப்பது என்று பேசி, வேலையை மெலாந்தோஸிடம் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது ஹெஃபைஸ்டோஸ் வானத்துக்குத் திரும்பிப் போன காட்சி. எறிந்த தாயைப் பழிவாங்க அவன் ஒரு தங்க நாற்காலி செய்து அனுப்பினான். உட்கார்ந்த தாய் எழ முடியாமல் ஒட்டிக்கொண்டாள். அவிழ்க்க வாவென்று தேவர்கள் கெஞ்சியும் அவன் அசையவில்லை. கடைசியில் மதுவின் தேவன் டயோனைசோஸ் அவனுக்குத் திராட்சை மது ஊற்றிக் கொடுத்து, கழுதைமேல் ஏற்றி அழைத்துப் போனான். அந்தக் கழுதையும் அதன்மேல் ஹெஃபைஸ்டோஸும் வேண்டும். கழுதை ஒரு கல், சாமி ஒரு கல். இரண்டையும் ஈயம் ஊற்றி இணைத்துக்கொள்ளலாம்.

கழுதையை முதலில் முடித்துவிடுவோம் என்று வீட்டு முற்றத்திலேயே தொடங்கினான். திராட்சை அறுவடைக் காலம். பிலின்னா கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து வைப்பாள். வீட்டுக் கழுதை, ஏதோ தத்துவம் யோசிப்பதுபோல் வானத்தைப் பார்த்துக்கொண்டே மேலுதட்டை மட்டும் கூடைப்பக்கம் நீட்டும். அவள் துடைப்பத்தோடு வரும் ஓசை கேட்டதும் ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பும், உதட்டை எடுக்காது. அதை அவள் வையும் வசவுகளைக் கேட்டு மெலாந்தோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். சிரித்துக்கொண்டே அந்த உதட்டையும் காதையும் கல்லில் எடுத்தான். யோசிக்கவே இல்லை. கழுதைதானே.

சாமி அப்படியில்லை. சாமிக்கு ஒரு துயரம் வேண்டும். முற்றத்தில் துயரத்துக்கு எங்கே போவது? மலையில் சுரங்க வாசலருகே ஆட்டுக்காரர்கள் விட்டுப்போன குடிசை ஒன்று இருந்தது. கல்லை அங்கே இழுத்துப் போய், தனியாக இருந்து, வாற்கோதுமை ரொட்டியும் தண்ணீருமாகக் கிடந்து செதுக்கப்போவதாக மனைவியிடம் அறிவித்தான். காரணத்தையும் சொன்னான். ஓர்ஃபியூஸ் கதையை அவன் தொடங்கியதும் பிலின்னா மாவு பிசைவதை நிறுத்தினாள்.

“ஏன்யா, அந்த ஓர்ஃபியூஸ் பொண்டாட்டி சாகறதுக்கு முன்னாடியே பாடினவன்தானே? அவ செத்த பிறகா பாட்டுக் கத்துக்கிட்டான்?”

மெலாந்தோஸ் உளிகளைப் பைக்குள் திணிக்கத் தொடங்கினான்.

“உனக்குக் கயிறு வேணுங்கிறதுக்காக நான் சாக முடியாது. போய் மலையில இருந்துட்டு வா. கம்பளியை எடுத்துட்டுப் போ, குளிரும்.”

மலையில் துயரம் வருமென்று அவன் மெனக்கெட்டுக் காத்திருந்தான். பெண்களை நினைத்து அழப் பார்த்தான். மருமகன்கள் நினைவுக்கு வந்து கெடுத்தார்கள். செத்துப்போன தகப்பனை நினைத்தான். அவர் சொன்ன வேடிக்கைக் கதை ஒன்று ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தான். பிலின்னா சுரங்கத்து ஆட்களிடம் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் அத்திப்பழமும் கொடுத்தனுப்பினாள். திருப்பி அனுப்பத்தான் நினைத்தான். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தது தப்பாய்ப் போயிற்று. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, தாயால் எறியப்பட்ட ஒரு பிள்ளையின் முகத்தைக் கல்லில் தேடினான். உதட்டோரம் கீழே இறங்கியது. நெற்றியில் கோடு விழுந்தது. ஒரு தப்பு வெட்டு இல்லை. சீட்டியும் இல்லை.

ஒருநாள் ஹெர்மோன் தன் கழுதைமேல் ஏறி மலைக்கு வந்தான். சிலையைப் பார்த்தான்.

“யாரு மச்சான் செத்தது?” என்றான்.

ஹெர்மோன் மீதமிருந்த பாலாடைக்கட்டியைத் தின்று தீர்த்துவிட்டு இறங்கிப் போனான்.

சிலை நிறுத்திய காலையில் ஊரே பாதையடியில் கூடிவிட்டது. வண்ணக்காரன் மெழுகும் சாயமுமாக ஓரத்தில் தயாராக நின்றான். குழல் ஊதுகிறவன் வறுத்த கடலையை மென்றுகொண்டிருந்தான். ரோதே, சாமிக்குப் படைக்க ஒரு கூடை உலர்ந்த அத்திப்பழத்தை வலக்கையில் மாட்டிக்கொண்டு வந்தாள். மேடைமேல் ஏறி, சாமியின் மூக்கடியில் விரலை வைத்தாள். அப்படியே வெகுநேரம் நின்றாள். முதுகைத் தட்டினாள். மெலாந்தோஸ் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். சாமியைவிட அவனுக்குத்தான் அப்போது உயிர் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

ரோதே விரலை எடுத்தாள். “நல்லாயிருக்கு” என்றாள்.

இத்தனை நாள் மலையில் தேடிய துயரம் அப்போது வந்து சேர்ந்தது. சாவகாசமாக வந்து சம்மணமிட்டு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. பிலின்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரோதே மேடையிலிருந்து இறங்கித் திரும்பி நடந்தாள். கழுதையின் தலையைத் தாண்டும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு, வலக்கையிலிருந்த அத்திப்பழக் கூடையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். கழுதையின் வாய்க்கு எட்டாத பக்கத்துக்கு.

இரண்டடி போனவள் நின்றாள். தன் கையைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ முதலில் களுக்கென்றார்கள். அப்புறம் ஊரே சிரித்தது. குழல் ஊதுகிறவனுக்குக் கடலை புரையேறியது. ரோதே கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். நீட்டிய உதட்டைத் தடவினாள். பின்னால் திரும்பியிருந்த காதைப் பார்த்தாள். பிலின்னாவைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து வெள்ளைக் கயிற்றை உருவினாள்.

மெலாந்தோஸ் ஓடிவந்து தடுத்தான். அது கழுதை, சும்மா பொழுதுபோக்காகச் செய்தது, பாடுபட்டுச் செய்தது மேலே இருக்கிறது என்று முறையிட்டான்.

“நான் உசிரைப் பாக்கறவ தம்பி. சாமியா கழுதையான்னு பாக்கறதில்ல. பாடுபட்டியா சிரிச்சியான்னும் கேக்கறதில்ல. சுகமாப் பொறந்த பிள்ளையும் பிள்ளைதான்.” சொல்லிக்கொண்டே கழுதையின் முன்னங்காலில் முடிச்சுப் போட்டாள்.

மெலாந்தோஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்போதுதான் ஹெர்மோன் காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தான். சாமியின் முகத்தைக் காட்டினான்.

“மச்சான், ஒரு நொண்டி சொல்றேன் கேளு. நான் தரையில நடந்தா எல்லாரும் என் காலைப் பாப்பாங்க. கழுதை மேல ஏறிட்டேன்னு வை, நான் எல்லார் தலையையும் பாப்பேன். இவரு அம்மா வீட்டுக்குப் போறாரு. வயித்துல மது இருக்கு. வழியெல்லாம் தேவனுங்க ஒதுங்கி நிக்கிறானுங்க. இந்த நாள்ல போய் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பாரா?”

மெலாந்தோஸ் நிமிர்ந்து பார்த்தான். ஊர் கேட்டது திரும்பிப் போன கதை. அவன் செதுக்கி வைத்திருந்தது விழுந்த கதை. அந்த முகம் கழுதைமேலேயே இல்லை. இன்னும் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது.

உளியைக் கொண்டுவரச் சொன்னான். நாற்காலி ஒன்றைப் போட்டு ஏறினான். நாற்காலி ஆடாமல் பிலின்னா பிடித்துக்கொண்டாள். கல்லில் எதையும் கூட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும். நல்லவேளை, கன்னத்தில் போதுமான துயரம் மிச்சமிருந்தது. அதை வெட்டி எறிந்தான். உதட்டோரத்தை உள்ளே தள்ளி மேலே திருப்பினான். கீழே நின்ற பிலின்னா வீட்டுக் கழுதையின் அன்றைய திருட்டை அவனுக்கு விவரித்துக்கொண்டிருந்தாள். பாதி வேலையில் அவன் வாய் சீட்டியடிக்கத் தொடங்கியது. ஊர் உட்கார்ந்து அத்திப்பழத்தைத் தின்றபடி பார்த்தது. படையலுக்கு வந்த பழம் என்பது கூடை காலியான பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவன் இறங்கியபோது சாமியின் ஒரு கன்னம் மற்றதைவிடக் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. அதனால் சிரிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, குடித்தவன் சிரிப்பாகவே ஆகிவிட்டது. ரோதே மறுபடி ஏறி மூக்கடியில் விரலை வைத்தாள். சட்டென்று விரலை இழுத்துக்கொண்டாள். ஆனால் கயிறு இன்னொன்று கட்டவில்லை.

“ஒண்ணு போதும். கழுதை போகாம இவரு எங்க போவாரு?” என்றாள்.

வண்ணக்காரன் மெழுகைச் சூடுபண்ணப் போனான். குழல் தொடங்கியது. ஹெர்மோன் உட்பட எல்லோரும் ஆடினார்கள்.

பிற்காலத்தில் மெலாந்தோஸ் நிறையச் செதுக்கினான். சிலவற்றுக்குக் கயிறு கிடைத்தது, பலவற்றுக்கு ‘நல்லாயிருக்கு’ கிடைத்தது. அறுபதைத் தாண்டிய ஓர் அறுவடையில் வீட்டுக் கழுதை அவன் முழங்காலில் ஓர் உதைவிட, கால் நிரந்தரமாக இழுத்துக்கொண்டது. ஹெர்மோன் அவனைப் பார்க்க வந்து, தேவர்கள் கடைசியில் கண் திறந்துவிட்டார்கள் என்று கட்டிலருகே உட்கார்ந்து நெடுநேரம் வாழ்த்தினான். கட்டிலை விட்டு எழுந்ததும் மெலாந்தோஸ் ஆசையோடு உளியை எடுத்து, அந்த நொண்டிக் காலோடு உட்கார்ந்து ஒரு சிங்கம் செய்தான். அது அவன் முன்பு செய்த சிங்கங்களைப் போலவே இருந்தது.