அண்ணன் வரைந்த மலை மடம்

இமயமலையில் ஒரு மடத்தில் துறவியாகிவிட்ட அண்ணன், அந்த மடத்தை வரைந்து அனுப்பியிருந்தான். ரோஜா நிறப் பனி, மேகத்தில் பாதி மறைந்த கூரை. மனித நடமாட்டமே இல்லை.

இன்று மயிலாப்பூரில் பிரேம் போடக் கொடுத்தேன்.

"யார் சார் வரைஞ்சது? சூப்பரா கீது!"

"அண்ணன்."

"இப்ப எங்க கீறாரு?"

வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை வந்துவிட்டது. "அவர் போயிட்டாருங்க."

கடைக்காரர் உச்சுக் கொட்டினார்.

சாயங்காலம் வாங்கிவந்து பிரித்தால், மாலை போட மேலே இரண்டு கொக்கிகள்!

"செத்துட்டான்னு நினைச்சுட்டார்மா. கழட்டிடறேன்."

அம்மா கொக்கியைத் தடவிப் பார்த்தாள். "இருக்கட்டும்டா. அப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டு."

துறவியானவனைச் சொல்ல, 'போயிட்டான்' தவிர வேறு வார்த்தை தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள். கொக்கி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.