ஹெலிகொப்டருக்கு விரித்த நிலபாவாடை

விமானப்படையில் போக்குவரத்து விமானி என்றால் கொஞ்சம் இளக்காரம்தான். சண்டை விமானம் ஓட்டுகிறவன் வீரன், நாங்கள் லொறி டிரைவர்கள். இதை என் முகத்துக்கு நேரே சொன்ன நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேசாமல் இருந்த மாதங்களும் இருக்கின்றன. அரிசி மூட்டை, மண்ணெண்ணெய், லீவில் போகும் சிப்பாய்கள், திரும்பி வரும் சவப்பெட்டிகள் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வடக்குக்கும் தெற்குக்கும் பறந்தே என் தலை நரைத்தது. கடைசியில் அந்தப் பிரிவுக்கே தளபதியாக்கி, ஒரு பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இறப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்று சொந்தக்காரர்கள் பூரித்துப் போனார்கள். எனக்கோ அந்த மேசையைக் கண்டாலே எரிச்சல்.

ஓய்வு பெறும் காலம் நெருங்கிய ஒரு மழைக்காலம் அது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதில் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் மலைகள் சரிந்து கிடந்தன. தெரணியகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து தகவல் வந்தது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. பாதை மண்ணுக்கு அடியில் போய்விட்டது. தோட்டத்து மருத்துவமாது சிக்னல் கிடைக்கும் இடம்வரை நடந்து வந்து பேசியிருக்கிறார். இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

தளபதியே போகத் தேவையில்லை என்றார்கள். தேவையில்லைதான். ஆனாலும் போனேன். அந்த மலைகளில் மேகம் எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியும், அது ஒரு காரணம். மற்றக் காரணம், அது எங்கள் ஜனம்.

ஹெலிகொப்டரை ஓட்டியது ஓர் இளம் விமானி. கெட்டிக்காரப் பையன், எதற்கும் பதறமாட்டான். தோட்டத்து மைதானம் மேகத்துக்குக் கீழே தெரிந்ததும் சந்தோஷமாகச் சிங்களத்தில் சொன்னான், "சேர், அடையாளம் நன்றாகப் போட்டிருக்கிறார்கள்." எட்டிப் பார்த்தேன். கோயில் பக்கமிருந்து மைதானத்தின் நடுவரைக்கும் நீளமாக, வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை.

அது அடையாளம் இல்லை, நிலபாவாடை. எங்கள் ஆட்கள் சாமி ஊர்வலத்துக்கும் பெரிய மனிதர்கள் வரும்போதும் கால் மண்ணில் படாமல் நடப்பதற்கு விரிக்கிற வெள்ளைத் துணி. இறங்கும் இடத்தில் வெள்ளையாக ஏதாவது போட்டு வையுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் மரியாதையையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். லயத்து வேட்டிகள் அத்தனையும் அங்கே கிடந்தன, ஒன்றின் மேலும் ஒரு கல்லைக் காணோம். நாங்கள் இறங்கினால் அந்தக் காற்றில் எல்லாம் கிளம்பும். ஒரே ஒரு வேட்டி மேலே சுழலும் இறக்கையில் சிக்கினாலும் கதை முடிந்தது.

"ஏற்று! மேலே ஏற்று!" என்று கத்தினேன். வட்டமடித்தோம். எங்கள் விமானப்படை ஆள் ஒருவன் கதவில் நின்று, துணியைச் சுருட்டச் சொல்லிக் கைகளைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். கீழே உள்ளவர்கள் ஓடிப்போய் இன்னும் இரண்டு வேட்டி கொண்டுவந்து விரித்தார்கள்.

வேறு சமதரை அந்த மலையில் இல்லை. வெளிச்சமும் குறைந்துகொண்டிருந்தது. மைதானத்துக்குக் கீழே, தள்ளியிருந்த தேயிலைச் சரிவில் என்னைக் கயிற்றில் இறக்கச் சொன்னேன். அந்த வயதில், அந்த வயிற்றோடு கயிற்றில் தொங்குவது அழகான காட்சி அல்ல. தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து, எழும்பி, கெட்ட வார்த்தைகளில் திட்டிக்கொண்டே ஏறினேன். மேலே தோட்டத்துத் தலைவர் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார். கற்பூரம் வேறு எரிந்துகொண்டிருந்தது.

"துணிய சுருட்டுங்கய்யா! காத்துல கெளம்பி மேல மாட்டுச்சுன்னா எல்லாரும் சாவோம்! மூளை இருக்கா ஒங்களுக்கு?"

என்னைச் சிங்கள ஐயா என்று நினைத்திருந்த தலைவர் வாயைப் பிளந்தார். "மாத்தயா தமிழா?"

"தமிழ்தான்! மொதல்ல சுருட்டுங்க!"

அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண்கள் கண்மூடித் திறப்பதற்குள் வேட்டிகளைச் சுருட்டி, மூட்டையாக்கி, அவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஹெலிகொப்டர் இறங்கியது. கம்பளியில் தூளி கட்டி அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். சின்னப் பெண். கையில் ஜெபமாலை. முகத்தில் இரத்தமே இல்லை. புருஷன்காரனும் மருத்துவமாதுவும் கூடவே ஏறினார்கள், நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

அவள் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்களைத் தவிக்கவிட்டுக் கதை சொல்ல எனக்கு வராது. ஆனால் அந்தப் பயணத்தில் அது எங்கள் யாருக்கும் தெரியாது. மருத்துவமாது நாடியைப் பிடித்த கையை விடவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பாதி வழியில் அந்தப் பெண் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். இரைச்சலில் காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது.

"சேர், எங்க ஆளுங்க மேல கோவிச்சுக்காதீங்க. நான்தான் விரிக்கச் சொன்னேன். மொத வேட்டி எங்க கல்யாண வேட்டி."

"பேசாம படுத்துக்கம்மா. கோவமெல்லாம் இல்ல."

அவள் விடவில்லை. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். "எனக்காக அம்புட்டு தூரத்துல இருந்து வர்றவங்க. கால்ல சேறு படக்கூடாதுன்னுதான் சேர்."

என் சேவைக் காலத்தில் எத்தனையோ பேருக்குச் சிவப்புக் கம்பளம் விரித்ததைப் பார்த்திருக்கிறேன். அதில் நடந்து வந்தவர்களைச் சுமந்தும் இருக்கிறேன். எனக்கென்று யாரும் எதையும் விரித்ததில்லை, நான் எதிர்பார்த்ததும் இல்லை. இந்தப் பெண் சாகக் கிடந்துகொண்டு என் காலை நினைத்திருக்கிறாள். நானோ அவளுடைய ஜனத்தைப் பார்த்து மூளை இருக்கா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கீழே பார்த்தேன். இரண்டு காலிலும் சப்பாத்திலிருந்து முழங்கால்வரை சேறு. அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.