பீச் மரத்தடியில் உறங்கியவர்

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டளவில் ஒரு மே மாதம், எங்கள் பங்குக் கோயில் ஆட்கள் மொன்றியல் தீவின் மேற்கு முனையிலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ காட்டுக்கு ஒருநாள் நடைக்குப் போனோம். ஓர் அக்காவை அங்கேதான் முதன்முதல் கண்டேன். சென்ட் லோரன்ட் பகுதித் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, சிவந்த கண்கள், அளவுக்குப் பெரிய குளிர்ச்சட்டை.

நாங்கள் எங்கே நின்றாலும் அவர் வழுவழுப்பான சாம்பல் பட்டையுள்ள ஒரு பீச் மரத்தில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிவிடுவார். மேலே பறவைகள் ஓயாமல் கத்தின. பின்னேரம் எனக்கும் கால் உளைந்தது. அவர் பக்கத்தில் போய் இருந்தேன்.

"வீட்டில படுத்திருக்கலாமே அக்கா? இந்தச் சத்தத்துக்குள்ள நித்திரை வருமே?"

"வீட்டில ஒரு சத்தமும் இல்லைத் தங்கச்சி. அதாலதான் நித்திரை வராது. ஊரில சண்டை நேரம் குண்டு போடப் பொம்பர் வரமுன்னம் குருவியெல்லாம் வாயை மூடிப்போடும். அதுகள் கத்திக்கொண்டிருந்தால் ஒண்டும் வராது எண்டு உடம்புக்குத் தெரியும்."

சொல்லி முடித்த கையோடு உறங்கிப்போனார். பஸ் புறப்படப்போவதாகக் கூப்பிட்டார்கள். அவர் தோளைத் தொடப் போனேன், மனம் வரவில்லை.

"நீங்கள் போங்கோ, நாங்கள் பேந்து வேற பஸ்ஸில வாறம்" என்று மற்றவர்களை அனுப்பினேன்.

வெயில் சாய்ந்தபின் அவராகவே விழித்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இரவு வேலைக்கு நேரம் பிந்திப்போச்சு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போகட்டும். நல்லா நித்திரை கொண்டிட்டன்" என்று சிரித்தார்.

பிறகு அவரைக் காணவில்லை. மொன்றியலில் பனி விழுந்து, ஜன்னல்களை இறுக்கிப் பூட்டிய, ஒரு சத்தமும் இல்லாத இரவுகளில், அவர் எங்கே விழித்திருக்கிறாரோ என்று நினைத்துக்கொள்வேன்.