பாதி முறுக்கு பாக்கி

சட்டமன்ற உறுப்பினர் ஆன பிறகு எனக்குக் கிடைக்காமல் போனது ஒன்றே ஒன்றுதான்: "தப்புங்க மேடம்" என்ற சொல். மற்றதெல்லாம் தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. சால்வை கிடைக்கிறது, பீரோ கொள்ளாமல் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறேன். எலுமிச்சம்பழம் கிடைக்கிறது, வீட்டில் ஊறுகாய்க்குப் பஞ்சமே இல்லை. வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் "ஆமாங்கம்மா" கிடைக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டுக் காதே புளித்துப் போய்விட்டது.

ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் சோதித்தே பார்த்தேன். அலுவலகத்தில் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "நாமக்கல்லுக்கு மேற்கே இருக்கிற எருமப்பட்டிக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்ட வேண்டும்" என்றேன். எருமப்பட்டி நாமக்கல்லுக்குக் கிழக்கே இருக்கிறது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு எதிரே இருந்த ஒன்றியச் செயலாளர் எருமப்பட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் முந்திக்கொண்டு, "ஆமாங்கம்மா, மேற்கால ஒரு டேங்க் கட்டியே ஆகோணுங்க" என்றார். எனக்காகப் பிறந்த ஊரையே தூக்கித் திசை மாற்றி வைத்துவிட்டாரே மனிதர்! அவர் கெட்டவர் இல்லை. தேர்தலின்போது எனக்காக வெயிலில் நாயாய் அலைந்தவர். மரியாதை என்றால் மறுத்துப் பேசாமல் இருப்பது என்று பழகிவிட்டார், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஏனென்றால் நான் வேறு மாதிரி வாழ்ந்தவள். அரசியலுக்கு வருவதற்கு முன்னால் சேலத்தில் ஒரு சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். குடியிருந்தது திருச்செங்கோட்டில். காலையில் போகிற பஸ் ஆட்டையாம்பட்டியில் நிற்கும்போது ஜன்னலோரம் கை முறுக்கு விற்க வருவார்கள். ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன். அது எனக்கு இல்லை, வகுப்புக்கு.

பாடம் நடத்தும்போது நடுவில் எங்கேயாவது வேண்டுமென்றே ஒரு தப்பைச் சொல்வேன். முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டேன். யார் எழுந்து "தப்புங்க மேடம்" என்று சொல்லி, ஏன் தப்பு என்றும் சொல்கிறார்களோ, அவர்களுக்கு ஒரு முறுக்கு. ஆனால் வாங்கினவர் அங்கேயே அதை இரண்டாக உடைத்துப் பாதியை எனக்குத் தர வேண்டும். ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் அதற்குப் பெயர் தானம். "நான் தானம் பண்ண வரலை, என் பாதியைக் குடுங்க" என்று கையை நீட்டுவேன். நறுக்கென்று முறுக்கு உடைகிற சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். அந்தப் பாதியைக் கடித்துக்கொண்டே மிச்சப் பாடத்தை நடத்துவேன்.

பெரும்பாலும் ஒருவனே முறுக்கைத் தட்டிக்கொண்டு போவான். அவன் அப்பா ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போய் ஆழ்குழாய்க் கிணறு போடுகிறவர். பையன் அம்மாவோடு ஊரில் இருந்து படித்தான். நான் தப்பைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நிற்பான். எழுந்து நின்றால் லேசில் உட்கார மாட்டான். ஒரு முறை அவன் பிடித்தது நான் போட்டு வைத்த தப்பே இல்லை, நிஜமாகவே வாய் தவறி வந்தது.

"அட, அது நான் வேணும்னு சொன்னது இல்ல சாமி. நெஜமாவே தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்றேன்.

"அப்படீன்னா ரெண்டு முறுக்குங்க மேடம்" என்றான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டும் கொடுத்தேன். இரண்டிலும் பாதி வாங்கிக்கொண்டேன், விடுவேனா?

ஒவ்வொரு வருஷமும் நான் தவறாமல் போடுகிற தப்பு ஒன்று உண்டு. பதினேழு வயதுப் பையன் ஒருவன் பழைய லாரி வாங்குவதாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். பதினெட்டு நிறையாதவன் போட்ட ஒப்பந்தம் செல்லாது. இது வரைக்கும் சரியாகச் சொல்வேன். "ஆனால் அவனே பதினெட்டு முடிந்ததும் வந்து, அன்றைக்குப் போட்டதை ஒத்துக்கொள்கிறேன் என்றால் அது செல்லும்" என்பேன். அங்கேதான் தப்பு. ஒத்துக்கொண்டாலும் செல்லாது, வேண்டுமானால் புதிதாகத்தான் ஒன்று போட வேண்டும். பிள்ளைகள் பிடித்த பிறகு விளக்குவேன்: "பண்ணை முட்டை பார்த்திருக்கீங்கல்ல? சேவல் இல்லாம போட்ட முட்டை. ஓடு வெள்ளையா, முழுசாத்தான் இருக்கும். எத்தன நாள் அடை வெச்சாலும் குஞ்சு வருமா?" கோழிப் பண்ணைகளுக்கு நடுவில் வளர்ந்த நாமக்கல் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

பிறகு கட்சியில் என்னைத் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். சொந்தக்காரர்கள் நில்லு என்றார்கள். உடன் வேலை பார்த்தவர்கள் நில்லுங்கள் என்றார்கள். வேண்டாம் என்று சொன்னது முறுக்கைத் தட்டிக்கொண்டு போன அந்தப் பையன் ஒருவன்தான். அதற்குள் அவன் நாமக்கல் கோர்ட்டில் பேர் சொல்லும் வக்கீலாகியிருந்தான், காதோரம் நரைகூட வந்திருந்தது. வீட்டுக்கு வந்தான். காபியைப் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"வேணாமுங்க மேடம். அங்க போயிட்டா உங்கள எதுத்துப் பேச ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. எதுத்துப் பேச ஆளில்லாட்டி நீங்க பட்டுப் போயிருவீங்க."

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "நான் என்ன வேலியோரத்து மரமா, பட்டுப் போறதுக்கு? சட்டத்தச் சொல்லிக் குடுத்தது போதும், போய்ச் செஞ்சு பாக்கறேன்" என்றேன். அவன் மிச்சக் காபியைக் குடிக்கவில்லை. "அப்ப வாரேனுங்க மேடம்" என்று எழுந்து போய்விட்டான். நான் ஜெயித்தேன். அவன் கொஞ்ச நாளில் எதிர்க்கட்சியில் சேர்ந்தான். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் சிரித்துப் பேசினால் யாராவது போட்டோ எடுப்பார்கள், இரண்டு பக்கமும் விளக்கம் கேட்பார்கள். அதனாலேயே கல்யாண வீடுகளில் அவனைத் தூரத்தில் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவனும் அப்படித்தான்.

வேலை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பாலம் வந்தது, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் வந்தது. ஆனால் காரில் போகும்போதெல்லாம் அவன் சொன்ன சொல் நெஞ்சில் முள்ளாக உறுத்தும். நான் சொல்வது சரியா தப்பா என்று எனக்கே தெரியாமல் போகும் நாள் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். பட்டுப் போகிற மரத்துக்குத் தான் பட்டுப் போவது தெரியுமா என்ன? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யாராவது எழுந்து நின்று தப்பு என்று சொல்லிவிட்டால் போதும், நான் இன்னும் பச்சையாக இருக்கிறேன் என்று நம்பிக்கொள்வேன். அந்த ஏக்கத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த நிலையில்தான் அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு சட்டக் கல்லூரியில் நூலகத்தைத் திறந்து வைக்கக் கூப்பிட்டார்கள். ரிப்பன் வெட்ட வருகிறேன், ஆனால் முடிந்ததும் எனக்கு ஒரு வகுப்பு கொடுக்க வேண்டும் என்று கல்லூரி முதல்வரிடம் கேட்டேன். "உங்க இஷ்டங்கம்மா" என்றார். முதல் நாளே ஆள் அனுப்பி ஆட்டையாம்பட்டி முறுக்கு வாங்கி வரச் சொன்னேன். கல்யாணப் பெண் மாதிரி அன்று காலையில் எந்தப் புடவை கட்டுவது என்றுகூட யோசித்தேன், வெட்கக்கேடு!

போனால் அது வகுப்பாகவா இருந்தது? மைக் வைத்திருந்தார்கள். கரும்பலகையை மறைத்து என் படம் போட்ட பேனர். பின்னால் சுவரோரம் கட்சிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். பிள்ளைகள் இஸ்திரி போட்ட சட்டையில் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். முறுக்கு விஷயத்தை நான் சொல்லவில்லை. முன்பும் எந்த வகுப்பிலும் யாராவது முதல் தப்பைப் பிடித்த பிறகுதான் அதைச் சொல்வேன். ஒப்பந்தம் நடத்த ஆரம்பித்தேன். நடத்த நடத்த எனக்குக் குரல் பழையபடி வந்துவிட்டது. லாரி வாங்குகிற பதினேழு வயதுப் பையனுக்கு வந்தேன். "பதினெட்டு முடிந்ததும் அவனே ஒத்துக்கொண்டால் அது செல்லும்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு பெண் மட்டும் புருவத்தைச் சுருக்கினாள். கை லேசாக மேலே வந்தது. வா சாமி, எழுந்திரு, என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் வாசலில் நின்ற ஆசிரியரைப் பார்த்தாள், பின்னால் நின்ற கட்சிக்காரர்களைப் பார்த்தாள், கையை இறக்கிக்கொண்டாள். நான் விடாமல் அதையே இன்னொரு தரம் சொன்னேன். ஒன்றியச் செயலாளர் அதைக் கைதட்ட வேண்டிய இடம் என்று நினைத்துத் தட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். அந்தப் பெண்ணும் தட்டினாள். மேலே என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. தப்பைத் திருத்தாமலே வந்துவிட்டேன். முறுக்குப் பொட்டலம் பிரிக்காமலே பையில் இருந்தது.

"அருமையாப் பேசுனீங்கம்மா" என்றார் காரில் செயலாளர்.

யாரோ எடுத்த வீடியோ அதற்குள் ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்திருந்தது. அந்த வாரமே எதிர்க்கட்சி நாமக்கல்லில் பொதுக்கூட்டம் போட்டது. அதில் அவன் பேசியதைச் செயலாளர்தான் கொதித்துப் போய்ச் செல்போனில் கொண்டு வந்து காட்டினார். மேடையில் அவன் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான், வகுப்பில் எழுந்து நிற்கிற அதே நிலையில்.

"சட்டம் சொல்லிக் குடுத்தவங்க சட்டம் செய்யப் போயிருக்காங்க. மைனர் பையன் போட்ட ஒப்பந்தத்துக்கு உயிர் குடுக்கறாங்க! தப்புங்க. பண்ணை முட்டைய அடை வெச்சாக் குஞ்சு வருமாங்க? வராதுங்க. இத எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒரு நல்ல டீச்சருங்க."

கூட்டம் சிரித்தது, விசில் அடித்தது. செயலாளர் மானநஷ்ட வழக்குப் போட வேண்டும் என்று குதித்தார். எனக்கோ "தப்புங்க" என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தரம் போடுங்கள் என்றேன். மறுபடியும் கேட்டேன். ஊர் நடுவில் மானம் போனது வலித்தது, பொய் சொல்வானேன். நான் வேண்டுமென்றே சொன்னது மற்றவர்களுக்குத் தெரியாது, அவனுக்குமா தெரியாது? தெரிந்தே சிரிப்புக் காட்டினானா? ஆனால் விதி விதிதானே? பிடித்தவனுக்கு முறுக்கு. பொட்டலத்திலிருந்து ஒரு முறுக்கை எடுத்துத் தாளில் சுற்றி டிரைவரிடம் கொடுத்து அவன் வீட்டுக்கு அனுப்பினேன்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன், டிரைவர் திரும்பி வந்ததும்.

"ஊட்லதான் இருந்தாருங்கம்மா. வாங்கிக்கிட்டாருங்க. ஒண்ணும் சொல்லலீங்க."

அதற்குப் பிறகு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பாதி வரவில்லை. தானமாகவே போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன், தேறவில்லை.

எருமப்பட்டியில் ஒரு கல்யாணம். இரண்டு கட்சிக்காரர்களுக்கும் வேண்டிய குடும்பம். பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். ஒரு மண்டபத்தில் போட்டோக்காரர் வராத இடம் அது ஒன்றுதான். குழாயைத் திருகும்போது பக்கத்துக் குழாயில் அவன் நின்றான். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்து நீட்டினான்.

"உங்க பாதிங்க மேடம். அன்னையிலிருந்து வண்டியிலயே வெச்சுட்டுச் சுத்தறனுங்க. உங்களத் தனியாப் பாக்கவே முடியலீங்க. நமுத்துப் போச்சு."

"வேணும்னுதான் சொன்னேன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"கேட்ட ஒடனே தெரியுமுங்க."

"அப்பறம் எதுக்குச் சாமி மேடையில போட்டு ஒடச்ச?"

அவன் குழாயை மூடினான். "வகுப்புல ஒருத்தரும் எந்திரிக்கலீங்களே மேடம். யாராச்சும் எந்திரிக்கோணுமில்லீங்களா?"

காகிதத்தை வாங்கிக்கொண்டு அவன் தோளைத் தொட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே, அந்தக் குழாயடியிலேயே நின்றிருந்தால் போதும் என்று இருந்தது. "அம்மா, வண்டி வந்திருச்சுங்க" என்று செயலாளரின் குரல் கேட்டது. அவன் சட்டென்று கூட்டத்துக்குள் போய்விட்டான்.

காரில் ஏறிக் காகிதத்தைப் பிரித்தேன். வாயில் போட்டு மென்றேன். நறுக்கென்று சத்தமே வரவில்லை.

முன் சீட்டிலிருந்து செயலாளர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்கம்மா, கண்ணெல்லாம் ஒரு மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்ல. முறுக்கு நமுத்துப் போச்சு" என்றேன்.

"ஆமாங்கம்மா, நல்லாவே நமுத்துப் போச்சுங்க" என்றார், அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்.